திறந்த தேதி

ஜெனிட்டா முதல் கட்டிலுக்கு வந்துவிட்டாள். பகல் பன்னிரண்டு மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும், பன்னிரண்டுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. பதினோராம் கட்டிலில், கொசுவலைக்குள் ஒருக்களித்துக் கிடந்த சண்முகக்கனிக்கு வார்டு முழுக்கப் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது, ஆனால் ஜெனிட்டாவின் இரண்டு கைகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. தெரியாமல் இருக்குமா, இதே காய்ச்சல் வார்டில், இதே நர்ஸ் உடுப்பில், ஏழு வருஷமாக அதே வேலையைச் செய்த கைகள்தானே கனியுடையவையும். ரப்பர் ட்யூபைக் கட்டு, நரம்பைத் தட்டிப் பார், பஞ்சால் துடை, குத்து, இழு, ட்யூபை அவிழ், ஊசியை உருவு, ரத்தத்தை ஊதா மூடி போட்ட குப்பியில் இறக்கு. அதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகுதான் அந்த இழவெடுத்த காரியம். ஜெனிட்டாவின் இடது கை ட்ரேயில் கிடந்த சின்னப் பிளாஸ்டிக் மூடியை எடுத்தது. வலது கை ஊசியை அதற்கு நேராகக் கொண்டுபோனது. இரண்டும் காற்றில் ஒன்றையொன்று தேடி, ஒரு நொடி தயங்கி, டக்கென்று சேர்ந்தன. கனி கண்ணை மூடிக்கொண்டாள். மூடினாலும் வலி, திறந்தாலும் வலி. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தார்கள், மூன்று நாளாக, சாப்பிடாமல் தூங்காமல் அமுக்கிக்கொண்டே. ஒரு கட்டில் முடிந்தது. இன்னும் பத்து இருந்தது.

காலை ஆறு மணி ரத்தம் எடுக்க வந்தபோதே சொன்னாள். "ஊசிய மூடாத ஜெனி." சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஜெனிட்டா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நாலு மாச வயிறு உடுப்புக்குள் அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. ஆறு வருஷம் கோயில் குளம், வேளாங்கண்ணி, மதுரை டாக்டர் எல்லாம் பார்த்து நின்ற பிள்ளை. "வேற எங்கக்கா போட?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, பாவம், நிஜமாகவே கேட்டாள். எங்கே போட. கனி வாயை மூடிக்கொண்டாள், ஜெனிட்டா ஊசியை மூடிக்கொண்டாள். ஆறு மணியிலிருந்து இந்த நேரம் வரைக்கும் அந்தக் கேள்வி தலைக்குள் மின்விசிறியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறது, வேற எங்க போட, வேற எங்க போட. வார்டின் அந்தக் கடைசியில், கக்கூஸை ஒட்டின அறையில், வாய் அறுத்த குளுக்கோஸ் பாட்டில் ஒன்று இருக்கிறது. அதில்தான் போட வேண்டும். முதல் கட்டிலிலிருந்து அங்கே போக அறுபது எட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் அறுபது எட்டுப் போய் அறுபது எட்டு வர யாரால் முடியும், முப்பது நோயாளிக்கு ஒரே நர்ஸை வைத்துக்கொண்டு. அதனால் ட்ரேயில் சேர்த்து வைத்து மொத்தமாகக் கொண்டுபோவார்கள். திறந்த ஊசி ஏழெட்டு ட்ரேயில் உருண்டால் எடுக்கிறவள் கையைக் கிழிக்கும் என்றுதான் மூடுவது. கிழிக்கக்கூடாது என்று மூடுகிறோம், மூடப்போய் குத்திக்கொள்கிறோம், ஆகா என்ன மூளை. படிக்கும்போது முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள், போட்ட ஊசியை இரண்டு கையால் மூடாதே என்று. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினாள். அந்த மார்க்கைக் கொண்டுபோய் குப்பையில் போட. அட, அதைப் போடுவதற்காவது ஒரு தொட்டி இருக்கிறது.

இரண்டாம் கட்டில் முடிந்து மூன்றாம் கட்டில். டக். இதே மூன்றாம் கட்டிலில்தான் வெயிலாட்சி கிடந்தாள், பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டி விற்கிறவள், காய்ச்சல் நூற்று மூன்றில் நின்று பிதற்றிக்கொண்டு. இன்றோடு எட்டு நாள் ஆச்சு. கனி ரத்தம் எடுத்து முடித்து மூடியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து வெயிலாட்சி, "அந்தக் கதம்பத்த எடு" என்று சொல்லிக்கொண்டே கையை வீசினாள். கனவில் யாருக்கோ பூ கொடுத்தாள் போல. ஊசி இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. கையுறை கிழிந்த இடத்தில் ஒரு சொட்டு, குண்டுமணி அளவுக்கு. கனி என்ன செய்தாள், கையுறையைக் கழற்றி, குழாயில் சோப்புப் போட்டுக் கழுவி, நேராக ஓடிப்போய் வெயிலாட்சியின் கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். எச்.ஐ.வி. இல்லை. காமாலைக் கிருமி இல்லை. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள். சாமி காப்பாத்திட்டே என்று வாய்விட்டே சொன்னாள். அந்த ஷீட்டின் தலைப்பில், சிவப்பு மசியில், கொட்டை எழுத்தில் டெங்கு பாசிட்டிவ் என்று இருந்தது. எழுதினதே அவள்தான். அதைத் தாண்டித்தான் கண் கீழே போனது. அதை நினைக்கும்போதுதான் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஊருக்கெல்லாம் போய்ச் சொன்னவள் அவள், பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடை வாசலில், மைக் பிடித்து, டெங்கு கொசு கடிச்சாத்தான் வரும், தொட்டா ஒட்டாது, பயப்படாதீங்க. ஏழு வருஷம் சொல்லிச் சொல்லி அதுவே அவளுக்கும் வேதமாகப் போய்விட்டது. கொசுவுக்கு இருப்பதும் ஒரு ஊசிதானே, அது செய்கிற வேலையை இந்த ஊசி செய்யாதா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் என்ன. ஹெட் சிஸ்டர் தேவசுந்தரியிடம் போய், ஊசி குத்திட்டு சிஸ்டர், ரிஜிஸ்டர்ல எழுதணும் என்றாள். அவர் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். "எல்லாம் நெகட்டிவா இருக்கேம்மா. வெறும் டெங்குதானே. இதுக்குப் போய் எழுதினா மேல ஆயிரம் கேள்வி கேப்பான். போ, வேலையப் பாரு." போனாள். வேலையைப் பார்த்தாள். வெயிலாட்சி குணமாகி வீட்டுக்குப் போகும்போது இரண்டு முழம் பிச்சிப்பூ கொடுத்தாள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள்தான், அடுத்த நாள் காலையில் எலும்பெல்லாம் உடைந்த மாதிரி எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள்.

வெறும். அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் மீன்முள்ளாக நிற்கிறது. இன்று காலை பிளேட்லெட் அறுபத்திரண்டாயிரம், வெறும். பல் விளக்கினால் ஈறில் ரத்தம், வெறும். வீட்டில் பிள்ளை, அம்மா எப்ப வருவே என்று போனில் கேட்கிறது, இவள் நாளைக்கு என்கிறாள், மூன்று நாளாக நாளைக்கு. சின்ன டாக்டர் நல்ல பையன், அவனிடம் விரலைக் காட்டினாள். அவன் மறைக்கவில்லை. "ஊசி வழியா வரும் சிஸ்டர். வந்திருக்கு, புஸ்தகத்துல எழுதியும் வெச்சிருக்காங்க. ஆனா உங்களுக்கு அப்படித்தான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்? நம்ம ஊர்ல கொசுவுக்கா பஞ்சம்?" என்றான். சரி. நியாயம். கொசுவாகவும் இருக்கலாம். அவள் ஒன்றும் மறுக்கவில்லையே. ஆனால் நேற்று என்ன நடந்தது. சுகாதார ஆய்வாளர் டார்ச் லைட்டோடு அவள் வீட்டுக்குப் போனார். தொட்டியைப் பார்த்தார், சுத்தம். மொட்டை மாடியில் பார்த்தார், சுத்தம். நர்ஸ் வீடு, வேறு எப்படி இருக்கும். விடவில்லை மனுஷன், ஃபிரிட்ஜை இழுத்துப்போட்டு அதன் பின்னால் தண்ணீர் சொட்டுகிற தட்டில் லைட் அடித்தார். புழு இருந்ததா என்றால் இல்லை. தண்ணீர் இருந்தது. புழு இருந்திருக்கலாம் என்று எழுதிக்கொண்டு போனார். அவள் வீட்டுக்காரர் போனில் சொல்லும்போதே குரல் இறங்கிப்போயிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலில் நின்று பார்த்தார்களாம், நர்ஸம்மா வீட்லயே கொசு வளக்காங்களே என்று யாரோ சொன்னார்களாம். ஃபாரத்தில் காரணம் என்று ஒரு கட்டம். அதில் ஃபிரிட்ஜ் தட்டு. முத்திரை குத்தியாகிவிட்டது. இல்லாத புழுவைத் தேடி ஒரு மனுஷன் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போகிறான், இருக்கிற ஊசியைப் பார்க்க இந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் கட்டிலுக்கு முன்னால் வரவில்லை. அவளைச் சுற்றிக் கொசுவலை கட்டியிருக்கிறார்கள், அவளைக் கடித்த கொசு இன்னொருத்தரைக் கடித்துவிடக் கூடாதாம். ரொம்ப நல்லது. அந்த வலைக்குள் கையை விட்டு, அவள் ரத்தத்தை எடுத்து, அந்த ஊசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே ஒரு பிள்ளைத்தாச்சி, அவளுக்கு எந்த வலை. ஃபிரிட்ஜ் தட்டு என்று எழுதியாச்சு என்றால் ஊசி குத்தவே இல்லை. ஊசி குத்தவே இல்லை என்றால் எதுவும் மாற வேண்டாம். எதுவும் மாறாவிட்டால் அடுத்த விரல் ஜெனிட்டாவுடையது. கனி படுக்கையில் விழுந்ததால்தான் பிரசவ வார்டில் சும்மா இருந்தவளை இங்கே தூக்கிப் போட்டிருக்கிறார்கள், அதுவும் கனியின் கணக்கில்தான் வரும்.

ஐந்தாம் கட்டில். டக். மாற வேண்டியது என்ன பெரிய மலையா. ஒரு டப்பா. வெள்ளை டப்பா, ஊசி துளைக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக், மேலே ஒரு வாய், போட்ட ஊசியை மூடாமல் அப்படியே உள்ளே தட்டிவிடலாம், ட்ரேயோடு கட்டில் கட்டிலாகத் தள்ளிக்கொண்டும் போகலாம். இல்லாமல் இல்லை, இருக்கிறது. ஹெட் சிஸ்டர் ரூமில், பீரோவில், பூட்டி. கேட்டால் சிரிப்பீர்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்று வைத்திருக்கிறார்கள். டீம் வருகிற அன்றைக்கு முதல் நாள் டப்பா வார்டுக்கு வரும், கல்யாண வீட்டுக்கு நகை வருவதுபோல. அன்றைக்கு ஒரு ஊசியையும் மூடக்கூடாது, ஒரு ஊசியையும் டப்பாவில் போடவும் கூடாது, அழுக்காகிவிடும். எல்லாம் கக்கூஸ் பக்கத்து அறைக்கே ஓட வேண்டும். டீம் போனதும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பாலிதீன் உறையை மாட்டி, திரும்பவும் பீரோ. போன இன்ஸ்பெக்‌ஷனில் நூற்றுக்கு எண்பத்தெட்டு வாங்கினார்கள், எல்லாருக்கும் லட்டு. டப்பாவில் ஒட்டியிருக்கிற லேபிளைப் பார்த்து வந்திருந்த மேடம், யார் எழுதினது, அச்சடிச்ச மாதிரி இருக்கே என்று கேட்டார். கனி கையைத் தூக்கினாள். தூக்கினாளா இல்லையா. லட்டைத் தின்றாளா இல்லையா. கூரான கழிவுகள், வார்டு எண், பொறுப்பாளர், எல்லாம் அவள் கையெழுத்துத்தான். கடைசியில் திறந்த தேதி என்று ஒரு இடம். டப்பா முக்கால் நிரம்பினதும் மாற்ற வேண்டும் என்று கணக்கு வைக்க அந்தத் தேதி. அதை மட்டும் பென்சிலால் எழுதச் சொன்னார் ஹெட் சிஸ்டர். பென்சிலால் எழுதினாள். டீம் போனதும் ரப்பர் வைத்து அழித்தாள், கோடு தெரியாமல், எழுத்து மங்காமல், நேக்காக அழித்தாள். அதற்கும் ஒரு சபாஷ் வாங்கினாள். மூன்று வருஷத்தில் நாலு தடவை அழித்திருப்பாள். யார்மேல் கோபப்படுவது என்று தேடிக்கொண்டே போனால் கடைசியில் அந்த ரப்பர் தன் கையில்தான் இருக்கிறது. அந்தக் கையில்தான் குத்தியும் இருக்கிறது. விரலைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு அடையாளமும் இல்லை, தோல் மூடிவிட்டது, அதுவும் ஒத்துழைக்கிறது அவர்களோடு.

ஏழு. டக். எட்டாம் கட்டிலில் காலேஜ் பிள்ளை, நரம்பு கிடைக்கவில்லை, ஜெனிட்டா குனிந்து தேடுகிறாள், இடுப்பில் கையை ஊன்றி நிமிர்கிறாள், திரும்பக் குனிகிறாள். ஹெட் சிஸ்டரைத் திட்டலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். காலையில் தன் வீட்டிலிருந்து சம்பாக் கஞ்சியும் சுட்ட அப்பளமும் கொண்டுவந்தார். ஸ்பூனால் ஊட்டினார். வாயைத் துடைத்துவிட்டார். "நீ நல்லா ஆயிட்டா எங்க ஊரு அம்மனுக்குப் பொங்கல் வைக்கேன் கனி" என்றார், கண்ணில் தண்ணீர் நிஜமாகவே நின்றது. அந்தக் கஞ்சி வயிற்றில் இருக்கும்போது எப்படித் திட்ட. ஆனாலும் கனி கேட்டாள், ஊட்டுகிற கையைப் பிடித்துக்கொண்டு, ரிஜிஸ்டர்ல எழுதிடுங்க சிஸ்டர், குத்தின தேதி போட்டு எழுதிடுங்க. கை நின்றது. "எட்டு நாள் கழிச்சு எழுதினா, அன்னைக்கு ஏன் எழுதலன்னு என்னையத்தான் கேப்பான். எனக்கு இன்னும் அஞ்சு மாசம்தான் சர்வீஸ். நல்லபடியாப் போக விடும்மா." அதற்குப் பிறகு அடுத்த ஸ்பூன் வந்தது. கனி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். கெட்டவராக இருந்து தொலைத்திருந்தால் எவ்வளவு சௌகரியம். இப்போது கோபம் உட்கார இடம் இல்லாமல் உடம்பெல்லாம் அலைகிறது, முட்டியில் இறங்குகிறது, முதுகில் ஏறுகிறது, இது காய்ச்சலா கோபமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. இது இறங்கவில்லை. அழித்த தேதி, வெறும் டெங்கு, ஃபிரிட்ஜ் தட்டு, அம்மனுக்குப் பொங்கல், வேற எங்க போட.

பத்தாம் கட்டிலில் இருந்த ஆச்சிக்கு எழுபது வயசு இருக்கும். ரத்தம் குப்பியில் இறங்கினதும், முடிஞ்சிட்டா தாயி என்று கையை மடக்கினாள். மடக்கின கை ஜெனிட்டாவின் முழங்கையில் இடித்தது. சரியாக அந்த நேரம், மூடி இடது கையில், ஊசி வலது கையில், இரண்டும் ஒன்றையொன்று தேடுகிற நேரம். ஊசி முனை மூடியின் விளிம்பில் உரசி வழுக்கி வெளியே வந்து நின்றது. விரலுக்கும் அதற்கும் ஒரு அரிசி நீளம்கூட இல்லை. கனி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஜெனிட்டா ஒரு நிமிஷம் ஊசியைப் பார்த்தாள், மூச்சை விட்டாள், திரும்பவும் மூடியைக் கொண்டுபோனாள். டக். இடது கை தன்னை அறியாமல் வயிற்றைத் தடவிக்கொடுத்தது. பிறகு ட்ரேயோடு பதினோராம் கட்டிலுக்கு வந்து, வலையைத் தூக்கி, "என்னக்கா உக்காந்துட்டீங்க, படுங்க" என்றாள்.

கனி படுக்கவில்லை. வலது கையை நீட்டினாள். ட்யூப் இறுகியது, பஞ்சு குளிர்ந்தது, குத்தினது தெரியவே இல்லை, ஜெனிட்டாவுக்கு நல்ல கை. ரத்தம் கறுப்பாக ஏறியது. ஊசி வெளியே வந்தது, ரத்தம் குப்பியில் இறங்கியது, ஜெனிட்டாவின் இடது கை மூடிக்காக ட்ரேக்குப் போனது. ட்ரேயில் மூடி இல்லை. கனி அதை எப்போதோ எடுத்து உள்ளங்கைக்குள் வைத்திருந்தாள்.

"அக்கா, மூடியக் குடுங்க."

"ஊசிய அப்படியே ட்ரேல வை."

"விளையாடாதீங்கக்கா, எனக்கு இன்னும் பத்தொம்பது பெட் இருக்கு."

"வைன்னு சொல்லுதம்லா. வை. எங்க போடன்னு காலைல கேட்டியே, வா, கேட்டுட்டு வருவோம்."

கனியின் இடது கையில் ஏறிக்கொண்டிருந்த ட்ரிப் பாட்டில் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. கனி குழாயைக் கழற்றிவிட்டு, ட்ரிப்புக்காகக் கையில் குத்தி ஒட்டியிருந்த ஊசிக்கு அடைப்பானைப் போட்டாள். மூடி போட்ட ஊசிகளையெல்லாம் கட்டில்மேல் ஒதுக்கி வைத்துவிட்டு, தன் ஊசி மட்டும் கிடந்த ட்ரேயை இரண்டு கையாலும் எடுத்தாள். தரை ஒரு தடவை இடதுபக்கம் சாய்ந்து நேரானது. ஜெனிட்டா முழங்கையைப் பிடிக்க வந்தாள், கிட்ட வராத என்று தள்ளி நிற்கச் சொன்னாள். பத்துக் கட்டில். ஒவ்வொரு கட்டிலிலும் தலைகள் எழுந்தன, நர்ஸம்மா நர்ஸம்மா என்று யாரோ கூப்பிட்டார்கள், கனி ட்ரேயை மட்டும் பார்த்து நடந்தாள். அதில் ஊசி இந்தப் பக்கம் உருண்டது, அந்தப் பக்கம் உருண்டது. நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தேவசுந்தரி சிஸ்டர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ட்ரே மேஜையில் உட்கார்ந்த சத்தத்தில் நிமிர்ந்தார். முப்பத்தஞ்சு வருஷ நர்ஸ், கண் நேராக ஊசிக்குத்தான் போனது.

"மூடி எங்க?" என்றார்.

அதுதான் முதலில் வந்தது. ஏன் எழுந்து வந்தாய் என்றுகூட வரவில்லை. கனிக்கு மூன்று நாளில் முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது, சிரித்தால் ஈறு வலித்தது.

"சாவி எங்க சிஸ்டர்?"

"கனி, போய்ப் படு. பிளேட்லெட் எங்க இறங்கிக் கிடக்கு, தெரியுமா? தலை சுத்தி விழுந்தா நான் என்ன செய்ய?"

"படுக்கேன். எனக்கு எதுல வந்துச்சுன்னு சண்டை போட நான் வரல. கொசுவோ, ஊசியோ, ஃபிரிட்ஜோ, என்னத்தையும் எழுதிக்கோங்க. ஆனா இந்த ஊசில இருக்கிறது இப்ப என் ரத்தம். இதுல டெங்கு இருக்குன்னு நீங்களே ஷீட்ல ஒட்டி வெச்சிருக்கீங்க. இதை ஜெனிட்டா எங்க போடணும்? அதை மட்டும் சொல்லுங்க, போயிடுதேன்."

குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பில்லை. கண்ணாடிக்கு வெளியே ஜெனிட்டா நின்றாள், ஒரு கை வயிற்றில், முகம் வெளிறி. சிஸ்டர் அவளைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த எண்பத்தெட்டு மதிப்பெண் சான்றிதழைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

பீரோவிலிருந்து டப்பா வந்தது, பாலிதீன் உறையோடு. கனி உறையைக் கிழித்து, ட்ரேயைச் சாய்த்துப் பிடித்தாள். ஊசி உருண்டு வாய்க்குள் விழுந்தது. காலி டப்பாவில் அது விழுந்த சத்தம் அந்த அறைக்குப் பெரிதாகத்தான் கேட்டது. லேபிளில் அச்சடித்த மாதிரி எழுத்து, கூரான கழிவுகள், வார்டு எண், பொறுப்பாளர், கடைசியில் அந்தக் காலி இடம். தேவசுந்தரி சிஸ்டர் மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்துத் தானாகவே அவளிடம் நீட்டினார். நீட்டிய பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

கனி அதை வாங்கவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை எடுத்தாள். எண்கள் கோணலாக வந்தன, அவள் கையெழுத்து அவ்வளவு மோசமாக ஒருநாளும் இருந்ததில்லை. இன்றைய தேதியை அழுத்தி எழுதினாள்.